பண்டை ஓவியரின் மறைபொருள்: தைலவண்ணக் கலை பற்றிய ஒரு திறனாய்வு

ஐரோப்பிய ஓவியத்தைப் பற்றி எழுதுவோரிடையே இரு கூற்றுக்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. பண்டைப் பேராசான்கள் தம் எண்ணெயிலும் வண்ணத்திலும் ஏதோ ஒரு மறைபொருளைக் கலந்து வைத்திருந்தனர். அஃது அவர்களோடு மறைந்தொழிந்தது. பின்வந்த ஓவியர் எத்துணை முயன்றும் அவ்வொளியை எய்தாமைக்கு அதுவே காரணம் என்பது ஒன்று. ஓவியம் உள்ளத்தின் விளைவு. எண்ணெயும் பலகையும் கைவினைஞரின் கவலை. திறனாய்வாளன் அவற்றைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. இவை தம்முள் முரணுவன போலத் தோன்றினும் ஒரு தவற்றின் இரு கிளைகளேயாம். முன்னது மூலப்பொருளை மந்திரமாக்குகின்றது. பின்னது அதனைக் குப்பையாக்குகின்றது. இரண்டும் பொருளை நேரே நோக்க மறுக்கின்றன. அங்ஙனம் மறுத்ததனால் ஓவியங்களைப் பற்றி நாம் கொண்ட தீர்ப்புக்கள் பல எவ்வாறு பிழைபட்டன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கூற்றின் பிறப்பிடம் இத்தாலியராகிய ஜோர்ஜோ வசாரி 1550இல் வெளியிட்டு 1568இல் விரித்தெழுதிய ஓவியர் வரலாற்று நூலாகும். அவர் கூறும் கதை சுவையானது. பிளாந்தர் நாட்டு யான் வான் எய்க் முட்டைக்கரு வண்ணத்தால் எழுதி முடித்த பலகையொன்றை வெயிலிற் காயவைத்தார். பலகை பொருத்துவாயிற் பிளந்து போயிற்று. மனம் நொந்த அவர், நிழலிலேயே காயக்கூடிய மெருகெண்ணெய் ஒன்றைத் தேடிப் பல எண்ணெய்களைக் காய்ச்சிப் பார்த்து, ஆளிவிதை எண்ணெயும் அக்குரோட்டு எண்ணெயுமே ஏனையவற்றினும் விரைந்து உலர்வன எனக் கண்டார். அவற்றிலே வண்ணத்தைக் குழைக்கவே தைலவண்ண ஓவியம் பிறந்தது. அந்தொனெல்லோ த மெசினா என்பவர் வடதிசை சென்று இம்மறையை அறிந்து வந்து வெனிசு நகருக்கு வழங்கினார் எனவும், அதனைப் பெற்ற தொமெனிக்கோ வெனெசியானோவைப் பொறாமையாற் கொன்றவர் அந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ எனவும் வசாரி மேலும் எழுதிச் செல்கின்றார். தொமெனிக்கோ இறந்தது 1461இல்; கஸ்தாஞ்ஞோ இறந்ததோ 1457இல். நான்காண்டு முன்னரே மாண்டவர் மீண்டு வந்து கொலை செய்தார் என்னும் இக்கதையைப் பல தலைமுறைகள் ஐயமின்றி நம்பின. மறைபொருள் என்ற சொல்லுக்கு அத்துணைக் கவர்ச்சி உண்டு.

வசாரியின் கூற்றை முதலில் அசைத்தவர் ஓவியரல்லர். யேர்மனிய நாடகாசிரியரும் திறனாய்வாளருமாகிய லெசிங் ஆவார். நூலகமொன்றின் காப்பாளராயிருந்த அவர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோபிலசு என்ற துறவி எழுதிய கைத்தொழில் நூலின் ஏட்டைக் கண்டெடுத்து, 1774இல் அதனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நூலில் நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்து மரத்தின்மீது பூசும் முறை விளக்கப்பட்டிருக்கின்றது. ஒரு பூச்சுக் காயும்வரை அடுத்ததைப் பூசலாகாமையால் உருவங்களை எழுதுமிடத்து இது பெருந்தொல்லை என்ற முறைப்பாடுங்கூட அங்கே உண்டு. வான் எய்க்குக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் இவ்வாறு அலுத்துக்கொள்கிறார் எனின், கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்கு இடமேது? நோர்வே நாட்டுத் தேவாலயங்களிற் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பலிபீட முகப்புப் பலகைகள் எண்ணெய்வண்ணத்தால் எழுதப்பட்டுள்ளன. 1400ஆம் ஆண்டளவில் எழுதிய சென்னினோ சென்னினி, எண்ணெயில் எழுதுதலை யேர்மனியர் மிகுதியும் கையாளும் முறை எனக் குறித்துச் செல்கின்றார். இவையெல்லாம் ஐரோப்பாவிற்குரிய செய்திகள். 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று ஆப்கானித்தானத்துப் பாமியன் குகைகளிலுள்ள பௌத்த சுவரோவியங்கள் சிலவற்றில் உலரும் எண்ணெய் கலந்திருத்தலைக் காட்டிற்று. அவை ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டின. 2001இல் அங்கே பெரும் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டதை அறிந்தோர் பலர். தைலவண்ணத்தின் பழஞ்சான்று ஒன்று அவற்றின் அருகிலுள்ள குகைச் சுவரிலே இருப்பதை அறிந்தோர் சிலரே.

அவ்வாறாயின் வான் எய்க் செய்தது யாது? இதற்கு விடை காண எண்ணெயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் வீடுகளில் வழங்கும் தேங்காயெண்ணெயைக் கண்ணாடித் தட்டிற் பூசி ஓராண்டு வைத்தாலும் அது பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் அங்ஙனமன்று. அது காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, தன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, சில நாள்களில் உறுதியான தோலாக மாறும். நீர் உலர்வது போல ஆவியாகிப் போதல் இங்கில்லை; பூசிய எண்ணெய் அனைத்தும் அவ்விடத்திலேயே நின்று நிறப்பொடியின் ஒவ்வொரு துணிக்கையையும் சூழ்ந்து கொள்கின்றது. அதனால் விளையும் பயன் ஒளியைப் பற்றியது. பள்ளிக்கூடத்து வெண்கட்டியைப் பொடித்து நீரிற் குழைத்துக் காயவிட்டால் வெள்ளையாக இருக்கும். எண்ணெயிற் குழைத்தால் அவ்வெண்மை மங்கி, ஏறக்குறைய ஒளி ஊடுருவும் பசையாகிவிடும். எண்ணெயில் நிறம் ஆழங்கொள்வதும், மெல்லிய படலமொன்றின் ஊடாக அடியிலுள்ள படலம் தெரிவதும் இக்காரணத்தாலேயே. முட்டைக்கருவிற் குழைத்த வண்ணம் சில நிமிடங்களிற் காய்ந்துவிடும்; ஆகவே ஓவியர் நுண்கோடுகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இட்டே நிழலை அமைத்தனர். எண்ணெயோ நேரம் கொடுக்கின்றது. ஒளியை இருளோடு ஈரத்திலேயே இணைக்கலாம். காய்ந்தபின் அதன்மேல் நிறம்பெற்ற கண்ணாடி போன்ற மென்படலத்தைப் போர்த்தலாம். தியோபிலசு தொல்லையெனக் கண்ட அத்தாமதத்தையே வான் எய்க் வாய்ப்பாகக் கண்டார்.

இலண்டன் தேசியக் கலைக்கூடம் 1842இல் வாங்கிய அர்னொல்பீனி இணையரின் படத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1434ஆம் ஆண்டுத் தேதியிட்ட இப்படத்தின் உயரம் 82 சதமமீற்றர் அளவே. சுவரிலே தொங்கும் குவியாடியின் மேல் ஓவியர் தம் பெயரைப் பொறித்திருப்பதை யாவரும் அறிவர். ஓக் மரப்பலகையின் மீது வெண்கட்டியும் வச்சிரமும் கலந்த வெள்ளைப் பூச்சு முதலில் இடப்பட்டது. அதனை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மீது கோட்டுருவம் வரைந்து, பின்னரே வண்ணம் ஏற்றப்பட்டது. பெண்ணின் பச்சையாடை செம்பிலிருந்து எடுத்த களிம்புப் பச்சையால் ஆயது. அடியில் வெள்ளையும் மஞ்சளும் கலந்த பச்சை. மேலே தூய பச்சையின் மென்படலம். நம் கண்ணிற்படும் ஒளி மேற்பரப்பிலிருந்து மட்டும் திரும்புவதன்று. படலங்களின் ஊடே சென்று, அடியிலுள்ள வெண்மையில் மோதி, மீண்டும் பச்சையினூடே வெளிவருவது. ஆடையின் மடிப்பு இருளடைந்த இடத்திலும் நிறம் மாய்ந்து போகாமைக்குக் காரணம் இதுவே. அகச்சிவப்புக் கதிராற் படத்தை ஆராய்ந்தவர்கள் ஆடவனின் கையும் காலும் முதற்கோட்டிலிருந்து இடம் மாற்றப்பட்டதைக் கண்டனர். தொங்கும் விளக்குக்கும் நாய்க்கும் அடிக்கோடே இல்லை. நாயின் உரோமம் ஒவ்வொன்றும் நேரே தூரிகையால் எழுந்தது. மறைநூலைப் பின்பற்றி நடந்த ஒருவரின் செயலாக இது தோன்றவில்லை. எழுதும்போதே மனம் மாற்றிக்கொள்ளவும் துணியவும் வல்ல ஒருவரையே இங்கே காண்கின்றோம்.

இனி, பொருள்களின் பக்கம் வருவாம். பழைய ஓவியசாலை என்பது பாதி மருந்துச்சாலை. சாதிலிங்கம், அரிதாரம், மிருதாரசிங்கி ஆகிய பெயர்கள் நம் சித்த மருத்துவருக்கு எத்துணைப் பழக்கமோ அத்துணைப் பழக்கம் வெனிசு நகரத்து வண்ண வணிகருக்கும். இரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிப் பெற்ற சாதிலிங்கமே கர்தினால்மாரின் செவ்வாடை. ஈயத் தகடுகளைப் புளிக்காடி வைத்த சாடிகளில் தொங்கவிட்டு, சாணக் குவியலிற் புதைத்துச் சில மாதங்கள் விட்டுவைத்தால், காடியின் ஆவியும் சாணத்தின் வெப்பமும் அதிலிருந்தெழும் காபனீரொட்சைட்டும் ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும். அந்த ஈயவெள்ளை நஞ்சு. ஆயினும் அதுவின்றி ஐரோப்பிய ஓவியத்தில் ஒரு கன்னமோ ஒரு கழுத்துப்பட்டியோ இல்லை. எண்ணெயோடு கூடி விரைந்து உலர்தலும், உறுதியான தோலாதலும், தூரிகை சென்ற தடத்தை அப்படியே காத்தலும் அதன் சிறப்பியல்புகள். செந்நிற மென்படலங்களுக்குப் பயன்பட்ட சாயங்களுள் ஒன்று நம் பக்கத்து அரக்கு. இந்திய அரக்கிலிருந்து வடித்த செஞ்சாயம் இத்தாலிய ஓவியர் பலரின் படங்களில் இரசாயன ஆய்வாற் கண்டறியப்பட்டுள்ளது.

இவை எல்லாவற்றிற்கும் அரசு கடல்கடந்த நீலம். பதக்சான் மலைச் சுரங்கங்களிலிருந்து வந்த இராசவர்த்தக் கல்லை வெறுமனே பொடித்தால் சாம்பல் நிறமே கிட்டும். பொடியை மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த பசையிற் பிசைந்து, சில நாள் ஊறவைத்து, சாம்பற்காரநீரில் அமுக்கிப் பிழிய, நீலம் மட்டும் நீரிலிறங்கும் என்று சென்னினி விவரிக்கின்றார். முதற்பிழிவு பொன்னுக்கு நிகர், ஈற்றுப்பிழிவு சாம்பல். 1485இல் பிளாரென்சு நகர அநாதை இல்லத்துக்கு ஞானியர் வணக்கப் படமொன்று எழுத ஒப்பிய கிர்லாந்தாயோவின் உடன்படிக்கையில், நீலம் அவுன்சு ஒன்று நான்கு புளோரின் பெறுமதியதாக இருத்தல் வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. அன்னை மரியாளின் நீலாடையைப் பக்தியின் சின்னமென்று மட்டும் பேசும் திறனாய்வாளர் இவ்வுடன்படிக்கையை ஒருமுறை வாசித்தல் நன்று. அந்நீலம் காணிக்கையுமாகும், கணக்குமாகும்.

திசியனைப் பற்றிய மரபுச் செய்தி வேறொரு வகையிற் கற்பிக்கின்றது. அவருடைய சாலையிற் பழகிய இளைய பால்மா கூறியதாக 1674இல் பொசுக்கீனி எழுதியுள்ளபடி, திசியன் அடித்தளத்தை வலிய வண்ணத் திரள்களால் இட்டுவிட்டுப் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாதக்கணக்காக வைத்துவிடுவார். பின்னர் திருப்பி, கொடிய பகைவரை நோக்குவது போல நோக்கிக் குறை தேடுவார். இறுதி நிலையில் தூரிகையினும் விரலையே மிகுதியும் பயன்படுத்துவார். எண்ணெய் காய மாதங்கள் வேண்டும். அம்மாதங்களை அவர் தம் கண்ணைப் புதுப்பிக்கவும் பயன்படுத்தினார். முப்பது நாற்பது மென்படலங்கள் இட்டேன் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் வழங்குகின்றது. ஆயினும் அவருடைய படங்களிலிருந்து எடுத்த குண்டூசித் தலையளவான துணுக்குக்களைக் குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியோர் பெரும்பாலான இடங்களிற் சில படலங்களையே கண்டனர். நாற்பது என்ற எண் பின்வந்தோரின் வியப்பை அளக்கின்றதேயன்றி அவருடைய தொழிலை அளக்கவில்லை.

றெம்பிராண்டிடம் வந்தால் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடைகின்றது. கன்னத்திலும் கைப்பட்டியிலும் சாந்து போலத் தடித்து நிற்கும் அவருடைய வண்ணத்தைக் கண்டு, குங்கிலியமோ மெழுகோ வேறெந்த அரிய கலவையோ அதில் இருத்தல் வேண்டும் என்று பலரும் ஊகித்தனர். 1988இல் இலண்டன் தேசியக் கலைக்கூடம் தன்னிடமிருந்த றெம்பிராண்டு படங்களின் ஆய்வைக் காட்சியாக வைத்தபோது, பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயும் சிற்சில இடங்களில் அக்குரோட்டு எண்ணெயுமே கிட்டின. 1642இல் எழுதிய 'இரவுக் காவல்' என்னும் மாபெரும் கித்தானுக்கு அவர் இட்ட அடிப்பூச்சோ மணற்கல் கலந்த களிமண். குயவன் மண்ணினின்று பெரிதும் வேறுபட்டதன்று. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு அவருடைய தடித்த வெள்ளையில் அரிதான ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டு, எண்ணெயில் ஈயவொட்சைட்டைக் கரைத்து அவர் அதன் தன்மையை மாற்றியிருக்கலாம் எனக் கூறியது. இதனால் மறைபொருள் மீண்டும் உயிர்பெற்றது என மகிழ்வோர்க்கு ஒன்று சொல்லலாம். மிருதாரசிங்கியிட்டு எண்ணெய் காய்ச்சுதல் அக்காலத்தில் ஊரறிந்த செய்தி. ஆங்கில அரசர் இருவருக்கு மருத்துவராயிருந்த தெ மையேர்ன் 1620 முதல் ஓவியரிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்த கையேட்டில் இத்தகைய பாகங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. உறூபென்சும் வான் டைக்கும் அவரோடு இவைபற்றி உரையாடியவர்களே.

மறைபொருளை நாடியோரின் கதை நகைப்புக்குரியதாயினும் முற்றும் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. ஆங்கில அரச கழகத்தின் முதல் தலைவராகிய சேர் யோசுவா றெயினோல்ட்ஸ் வெனிசு ஓவியரின் ஒளியைத் தேடி மெழுகு, நிலக்கீல், முட்டை, பலவகைக் குங்கிலியம் யாவற்றையும் ஒன்றன்மேலொன்றாகப் பூசிப் பார்த்தார். அவர் எழுதிய முகங்களிற் செம்மை அவர் வாழ்நாளிலேயே வெளிறிற்று. நிலக்கீல் இட்ட இடங்கள் என்றும் முற்றக் காயாமல் முதலைத் தோல் போல வெடித்தன. அவர் 1792இல் இறந்தபின், தோமசு புரொவிசு என்பவரும் அவர் மகளாகிய இளம்பெண்ணும் திசியன் கால மறைநூலொன்றின் படி தம்மிடம் உள்ளதெனக் கூறி, தலைக்குப் பத்துக் கினி வாங்கிக்கொண்டு கழகத்து ஓவியர் பலருக்கு அதனை ஓதினர். கழகத் தலைவராயிருந்த பெஞ்சமின் வெஸ்ற்றும் ஏமாந்தார். 1797இல் கில்றே என்னும் கேலிச்சித்திரக்காரர் இதனை ஊரறியத் தோலுரித்தார். நாட்டின் தலைசிறந்த ஓவியர்களே ஏமாறக் காரணம் அறியாமையன்று. தம் ஆசான்களுக்கும் தமக்குமிடையே ஏதோ ஒன்று அறுந்துவிட்டது என்ற உண்மையான துயரமே அவர்களைப் புரொவிசின் வாயிலுக்கு இட்டுச் சென்றது. அறுந்தது நூலன்று, சாலை. பன்னிரண்டு வயதிற் சேர்ந்து, ஆண்டுக்கணக்காக வண்ணம் அரைத்து, எந்தப் பொடி எத்துணை எண்ணெய் குடிக்கும் என்பதைக் கைவழியாக அறிந்த சிறுவரின் சாலை கழகங்களின் வரவால் அழிந்தது. பின்னர் வண்ணம் குப்பியில் வாங்கும் பொருளாயிற்று. இருபதாம் நூற்றாண்டிலும் நோய் தீரவில்லை. லூவர் ஆய்வுக்கூடத்திற் பணிபுரிந்த மரோஜே 1948இல் வெளியிட்ட நூலின் பெயரே பேராசான்களின் மறைச் சூத்திரங்களைத் தருவதாக முழங்கிற்று. அவர் முறைப்படி எழுதிய படங்கள் பல கறுத்தன.

மறைத்தல் என்பது சிலரிடத்து மெய்யாகவே இருந்ததுண்டு. அதனை மறுக்க வேண்டுவதில்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் இளைஞராயிருந்த இரவிவர்மாவுக்கு மதுரை இராமசாமி நாயக்கர் தைலவண்ண முறையைக் கற்பிக்க மறுத்தார் எனவும், 1868இல் அங்கு வந்த தியோடோர் யென்சன் தாம் எழுதுவதைப் பார்த்திருக்க மட்டும் இசைந்தார் எனவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பார்த்திருந்ததே அவருக்குப் போதுமாயிற்று. வண்ணத்தைக் குழைக்கும் கையைப் பார்த்தவனுக்குச் சூத்திரம் வேண்டியதில்லை போலும்.

உண்மையாகவே தொலைந்துபோன பொருள் ஒன்றுண்டு. அதன் கதை மறைநாடுவோர்க்கு நல்ல மறுமொழி. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துச் சூளையிலிட்டுப் பெறும் ஒரு மஞ்சளை வான் எய்க், திசியன், றெம்பிராண்டு, வெர்மீர் யாவரும் கையாண்டனர். 1750ஆம் ஆண்டளவுக்குப் பின் அது வழக்கிறந்தது, வேறு மஞ்சள்கள் வந்தன, பெயரும் குழம்பிற்று. 1941இல் மூனிக் நகரத்து ஆய்வாளர் யாக்கோபி பழைய படங்களின் மஞ்சளில் வெள்ளீயம் இருத்தலைக் கண்டு சொல்லும்வரை அப்படியொன்று இருந்ததே உலகுக்குத் தெரியாது. புரொவிசின் காலத்திலிருந்து நூற்றைம்பது ஆண்டுகள் மறைபொருள், மறைபொருள் என்று கூவியோரில் ஒருவரும், கண்முன்னே ஒவ்வொரு கலைக்கூடத்திலும் ஒளிவீசிய இம்மஞ்சளைத் தேடவில்லை. அவர்கள் எண்ணெயைத் தேடினார்கள். நோக்கவேண்டிய நிறத்தை நோக்கவில்லை.

இனி இரண்டாங் கூற்றுக்கு வருவாம். மூலப்பொருளை அறியாமலே ஓவியத்தின் உள்ளத்தை அறியலாம் என்போர்க்குப் பொருள் தரும் தண்டனை கடுமையானது. களிம்புப் பச்சையின் மென்படலம் காலத்தாற் கபிலமாகின்றது. அதனால் வசந்தகால மரங்கள் இலையுதிர்கால மரங்களாகி நிற்கின்றன. நீலக் கண்ணாடியை அரைத்துச் செய்த மலிவான நீலம் எண்ணெயிற் சாம்பலாக வெளிறுகின்றது. றெம்பிராண்டு அதனைப் பெரிதும் பயன்படுத்தியவர். அரக்குச் செம்மை ஒளிபட்டு மறைகின்றது. இவற்றையெல்லாம் அறியாதவர் கபில இலைகளிலே துயரத்தையும் சாம்பல் வானத்திலே துறவையும் கண்டு பக்கம் பக்கமாக எழுதினர். 'இரவுக் காவல்' என்ற பெயரே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. மெருகெண்ணெயும் புகையும் கறுத்து மூடிய பின்னரே அப்படம் இரவானது. படைத்தலைவன் நீட்டிய கையின் நிழல் துணைத்தலைவனின் மஞ்சட் சட்டைமீது வெயிலில் விழும் நிழலாகத் தெளிவாக விழுந்திருக்கின்றது. 1946, 1947 ஆகிய ஆண்டுகளில் மெருகெண்ணெயை அகற்றியபோது பகல் திரும்பிற்று. பெயர் மாறவில்லை.

மெருகெண்ணெயை அகற்றலாமா என்ற வினா இலண்டனில் இருமுறை பெரும் போராயிற்று. 1846இல் தேசியக் கலைக்கூடத்தின் காப்பாளராயிருந்த ஈஸ்ற்லேக் படங்களைத் துப்புரவு செய்வித்தபோது பத்திரிகைகள் அவரைத் தாக்கின. அவரோ தைலவண்ண வரலாறு பற்றி 1847இல் வெளிவந்த சிறந்த நூலை எழுதியவர். தாக்கியோரில் அந்நூலுக்கு ஈடாக ஒரு பக்கமாவது எழுதியவர் எவருமில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படங்கள் மறைவிடங்களில் இருந்தபோது றூமான் என்பவர் அவற்றுட் சிலவற்றைத் துப்புரவு செய்தார். 1947இல் அவை காட்சிக்கு வந்ததும் பூசல் மீண்டும் எழுந்தது. 1962இல் பேராசிரியர் கொம்பிரிச்சு எழுதிய கட்டுரையே அப்பூசலில் எழுந்த எழுத்துக்களுட் கூர்மையானது. கிரேக்க ஓவியர் அப்பெல்லீசு தம் படங்கள்மீது மெல்லிய கருமெருகு பூசி நிறங்களின் மிடுக்கைத் தணித்தார் எனப் பிளினி கூறுவதை எடுத்துக்காட்டி, இத்தாலிய ஓவியர் அதனைப் பின்பற்றியிருக்கலாகாதா என அவர் வினவினார். வினா நேர்மையானது. நிறங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் மாறியிருக்க, மெருகை மட்டும் எடுத்துவிட்டால் ஓவியரின் படம் மீண்டுவிட்டது என எண்ணுதல் பேதைமை என்ற அவர் கருத்தையும் ஏற்கவேண்டும். ஆயினும், அப்பெல்லீசின் கருமெருகை நினைந்து எவரோ பிற்காலத்திற் பூசிய மலிவான குங்கிலியத்தைக் காப்பாற்றுதல் வாதமாகாது. ஏட்டிற் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்புவது வேறு. பூச்சி அரித்த துளையைக் கவியின் கருத்து என்று உரை எழுதுவது வேறு. 1967 முதல் 1969 வரை துப்புரவான திசியனின் 'பாக்கசும் அரியாத்னியும்' படத்தின் நீலவானம் பலருக்குக் கண் கூசிற்று. அந்த நீலம் பதக்சான் கல். பொன்விலை கொடுத்து வாங்கியவர் அதனைப் பழுப்புநீராற் கழுவி மறைக்க விரும்பியிருப்பார் என்பதை நம்புதல் எனக்கு அரிது.

கெந்து நகரத் தேவாலயத்திலுள்ள பலிபீடப் படத்தோடு இவ்விசாரணை நம் காலத்துக்கு வருகின்றது. வான் எய்க் 1432இல் முடித்த இப்படத்தின் நடுவே பலிபீடத்தின் மீது ஆட்டுக்குட்டி நிற்கின்றது. 1550இல் புளொண்டேல், வான் சுகோரெல் என்ற ஓவியர் இருவர் படத்தைச் செப்பனிட்டனர். அந்நூற்றாண்டில் இடப்பட்ட மேற்பூச்சு ஆட்டின் தலையையும் மூடிக் கொண்டது. அதன் பின்னர் பார்த்தவர் அனைவரும், போற்றி எழுதியவர் அனைவரும், பிறர் கையால் ஆன ஆட்டையே பார்த்தனர். 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் நடந்த செப்பத்திலே மேற்பூச்சிற் சிறிது அகற்றப்பட்டபோது வான் எய்க்கின் பழைய காதுகள் வெளித்தோன்றின. புதிய காதுகளும் நீங்கவில்லை. ஆகவே பல்லாண்டுகள் அவ்வாடு நான்கு காதுகளோடு நின்றது. 2012இல் தொடங்கிய பெருஞ்செப்பத்தில் இப்பலகையின் முறை 2016இல் வந்தது. எக்ஸ்-கதிராலும் நுணுக்குக்காட்டியாலும் ஆராய்ந்து, சிறு கத்தியால் மேற்பூச்சை அணுவணுவாகச் சீவி, 2019இன் இறுதியில் வேலை முடிந்தது. வெளிவந்த முகம் மக்களைத் திடுக்கிட வைத்தது. இரு பக்கமும் நோக்கும் மந்தையாட்டின் கண்களல்ல அவை. நெற்றியின் முன்னே அமைந்து நம்மை நேரே பார்க்கும் கண்கள். உதடுகள் மூடிச் சிவந்திருந்தன. 2020 தொடக்கத்தில் உலகெங்கும் அதனை ஏளனஞ் செய்தோர் பலர். செப்பனிட்டவரே கெடுத்துவிட்டனர் என்று பழித்தோரும் உளர். அவர்கள் விரும்பிய சாந்தமான ஆடு பதினாறாம் நூற்றாண்டுப் பூச்சு. நேரே பார்க்கும் ஆடு, வெண்கட்டிப் பூச்சின்மீது ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த ஈயவெள்ளையால் வான் எய்க் எழுதியது. மேற்பூச்சின் கீழே நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அஃது அவ்வாறே பார்த்துக்கொண்டிருந்தது.